இரண்டு பிறந்த நாள் கொண்ட நாஞ்சில் நாடு

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தால் யாருக்கும் விட்டுக் கொடுக்காதீர்கள். வள்ளியூர், பணகுடி வரைக்கும் பிரமாதமாக ஒன்றும் இல்லை, பொட்டலும் பனைமரமும்தான். காவல்கிணறு தாண்டியதும் காட்சி மாறுகிறது. மலைகள் நெருங்கி வந்து, "போனால் போகட்டும், பிழைத்துப் போங்கள்" என்பதுபோல் நடுவில் ஒரு வாசலை மட்டும் விட்டு வைத்திருக்கின்றன. அந்த வாசலின் பெயர் ஆரல்வாய்மொழி.

வாசலில் நம்மை வரவேற்பது காற்று. சாமானியக் காற்றா அது! ஆனி, ஆடி மாதங்களில் சேலைத் தலைப்பை ஒரு கையாலும் குழந்தையை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டால், குடையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள் நின்று கை வீசிக்கொண்டிருக்கின்றன. முன்பெல்லாம் மண்ணை வாரித் தூற்றிய காற்று இப்போது மின்சாரம் அரைத்துக் கொடுக்கிறது.

வாசலைக் கடந்தால் வேறு சீமை. குளம், குளம் நிறையத் தாமரை, குளத்தடியில் வயல், வயலுக்கு அப்பால் தென்னை, தென்னைக்கு அப்பால் நீல மலை. தோவாளையில் பிச்சிப்பூவின் மணம் பஸ்ஸுக்குள்ளேயே ஏறி வந்துவிடும். விடிவதற்கு முன்பே அங்கே பூச்சந்தை கூடிவிடுகிறது. ஓணம் வந்தால் கேரளத்து முற்றங்களில் அத்தப்பூக் கோலம் போட இங்கிருந்துதான் பூ போகிறது. பஸ்ஸில் பக்கத்து இடத்து அம்மாள், உங்களுக்கு ஐம்பது வயதே ஆகியிருந்தாலும், "எங்க போறிய மக்களே?" என்று வாய் நிறையக் கேட்பாள். தனி ஆளை 'மக்களே' என்று பன்மையில் கொஞ்சுகிற ஊர் இது.

நாஞ்சில் என்றால் கலப்பை. உழுகிற நாடு, ஆகையால் நாஞ்சில் நாடு. பழைய கணக்கில் தோவாளை, அகஸ்தீசுவரம் என்ற இரண்டு தாலுகாக்கள்தான் அசல் நாஞ்சில் நாடு. மேற்கே உள்ள கல்குளமும் விளவங்கோடும் சேர்ந்த பிறகுதான் அது கன்னியாகுமரி ஜில்லா.

நம் எல்லோருக்கும் சுதந்திரம் வந்த தேதி ஒன்றுதான். 1947 ஆகஸ்டு 15. இந்த ஜில்லாக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு தேதியும் உண்டு. அது 1956 நவம்பர் 1. முதல் தேதியில் பரங்கியின் பிடி போயிற்று. இரண்டாவது தேதியில் இந்தச் சீமை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு, அதாவது இன்றைய தமிழ்நாட்டோடு, சேர்ந்தது. இரண்டு தேதிக்கும் நடுவில் ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷத்தைப் புரிந்துகொள்ள, அதற்கு முந்திய இருநூறு வருஷத்தையும் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

மாமியாருக்கு ஒரு மாமியார்

வெள்ளைக்காரர்கள் இந்தச் சீமைக்கு முதலில் வந்தது மிளகு வாங்கத்தான். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி பெற்று, திருவனந்தபுரத்துக்கு வடக்கே அஞ்சுதெங்கு கடற்கரையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு கோட்டை கட்டிக்கொண்டார்கள். குடி வைக்க இடம் கொடுத்ததும் வியாபாரத்தில் அதிகாரம் பண்ண ஆரம்பித்தார்கள். 1721-ல் ஆத்திரம் கொண்ட ஊர் ஜனங்கள், ராணிக்கு வெகுமதி கொண்டுபோன அந்தக் கூட்டத்தை ஆற்றிங்கலில் வெட்டிப் போட்டார்கள். நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். ஆனாலும் கம்பெனி போய்விடவில்லை. மிளகின் ருசி அப்படி!

நம் கரையில் மூக்குடைபட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1741-ல் குளச்சலில் அவர்களை மார்த்தாண்டவர்மா மகாராஜா தோற்கடித்தார். பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிற்பாடு மகாராஜாவின் படைக்கே பயிற்சி கொடுக்கிறவராக மாறி, உதயகிரிக் கோட்டையில் வாழ்ந்து, 1777-ல் அங்கேயே கண்ணை மூடினார். அவருடைய கல்லறையை இன்றும் கோட்டைக்குள்ளே பார்க்கலாம். கல்லின் மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது.

டச்சுக்காரரை ஜெயித்த சமஸ்தானம், இங்கிலீஷ்காரரிடம் சண்டை போடாமலே சிக்கிக்கொண்டது. திப்பு சுல்தானிடம் பயம். ஆகவே 1795-ல் கம்பெனியோடு உடன்படிக்கை. 1805-ல் இன்னும் இறுக்கமான உடன்படிக்கை. கம்பெனிப் பட்டாளத்தின் செலவுக்காக வருஷத்துக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அது மட்டுமா? 'ரெஸிடெண்டு' என்று ஒரு துரை வேறு வந்து உட்கார்ந்துகொண்டார். சிம்மாசனத்தில் மகாராஜா, அவர் முதுகுக்குப் பின்னால் ரெஸிடெண்டு. மாமியாருக்கு ஒரு மாமியாரும் உயிரோடிருக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்ட பெண்ணைக் கேட்டால், அந்தச் சமஸ்தானத்துக் குடிகளின் பாட்டை நன்றாகச் சொல்லுவாள்.

எதிர்த்தவர் ஒருவர் உண்டு. தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய். ஆரம்பத்தில் ரெஸிடெண்டு மெக்காலேயின் சிநேகிதர்தான். பணம் கேட்டு நெருக்கியபோது சிநேகிதம் முறிந்தது. 1809 ஜனவரியில் குண்டறையிலிருந்து ஜனங்களுக்குப் பிரகடனம் விடுத்துப் போரைத் தொடங்கினார். அடுத்த மாதமே, நாம் நுழைந்து வந்த இதே ஆரல்வாய்மொழி வாசலைக் கம்பெனிப் படை பிடித்துவிட்டது. கீழே கோட்டை மதிலை எல்லோரும் காத்துக்கொண்டிருக்க, சிப்பாய்கள் இரவோடு இரவாக மலைச் சரிவில் ஏறி வந்துவிட்டார்கள். வாசல் போனதும் வீடும் போயிற்று. பிடிபட மனமில்லாமல் வேலுத்தம்பி மண்ணடிக் கோவிலில் உயிரை விட்டார். அவர் பிறந்த ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. அவர் சிலை திருவனந்தபுரத்தில் செக்ரட்டேரியட் முன்னால் இருக்கிறது. யாருக்கு அவர் சொந்தம் என்று இரண்டு பக்கத்தாரும் சண்டை போடாமலிருப்பது பெரிய காரியம்.

ஊசி முனையில் விடுதலை

நாகர்கோவிலில் இறங்கியதும் எல்லோரும் நாகராஜாவைச் சேவிக்கப் போவார்கள். போய் வாருங்கள். 1893-ல் எழுந்த மணிக்கூண்டு உள்ள 'மணிமேடை'ச் சந்திப்பையும் பாருங்கள். ஆனால், நாகர்கோவிலுக்கு வந்து லேஸ் பார்க்காமல் திரும்புகிற பெண்மணியை நான் மன்னிக்க மாட்டேன்.

மைலாடி என்ற சின்ன ஊருக்கு 1806-ல் ரிங்கல்தொபே என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்தார். அவருக்குப் பின்னால் லண்டன் மிஷனைச் சேர்ந்த மீட், மால்ட் போன்றவர்கள் நாகர்கோவிலுக்கு வந்து பள்ளிக்கூடங்கள் வைத்தார்கள். மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா, 1820-ஐ ஒட்டிய வருஷங்களில் பெண் குழந்தைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி ஆரம்பித்தாள். படிப்போடு கூட, நூலையும் ஊசியையும் மரக் குச்சிகளையும் கொடுத்து லேஸ் பின்னவும் சொல்லிக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் இந்தச் சமஸ்தானத்தில் அடிமைகள் இருந்தார்கள், வாங்கலாம், விற்கலாம். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்கள் சிலர், லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கினார்கள். சமஸ்தானத்தில் அடிமை முறையை ஒழித்து உத்தரவு வந்தது 1855-ல்தான். அதற்கு முன்னாலேயே சில கைகள் தங்களுக்கு வேண்டிய சட்டத்தை ஊசியால் எழுதிக்கொண்டுவிட்டன.

உடுத்தும் சேலைக்கே போராட வேண்டியிருந்த கதையையும் சொல்லாமல் போகக் கூடாது. அன்றைய திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் இன்னும் பல சாதிப் பெண்களும் மேல் சாதிக்காரர் எதிரில் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கம்; வழக்கம் என்ன, கட்டளை. கிறிஸ்தவராக மாறிய பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று 1812-ல் ரெஸிடெண்டு கர்னல் மன்றோ உத்தரவு போட்டார். மறைக்கலாம்; எப்படி? குப்பாயம் என்ற சட்டை போட்டு மறைக்கலாம். தோளில் சேலை போடக் கூடாது. அது மேல் சாதி அம்மாள்களின் உரிமை. பெண்கள் கேட்டார்களா? போட்டார்கள். சந்தையிலும் சாலையிலும் அந்தச் சேலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். பள்ளிகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. 1829-ல், தோள்சீலை கூடாது என்று அரசாங்கமே விளம்பரம் செய்தது. கிழிந்ததைத் தைத்துக்கொண்டு பெண்கள் மறுபடியும் சந்தைக்குப் போனார்கள்.

1858-ன் கடைசியில் மறுபடி பெரிய கலவரம். சென்னை கவர்னர் டிரெவெலியன் மகாராஜாவை நெருக்கினார். 1859 ஜூலை 26-ந் தேதி, நாடார் பெண்கள் எந்த மதத்தினராயினும் மேலாடை அணியலாம் என்று பிரகடனம் வந்தது. அப்போதும் ஒரு கொக்கி: மேல் சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி மட்டும் போடக் கூடாது! கொக்கியை ஜனங்கள் மெல்ல மெல்ல மறந்தே போனார்கள். அதுதான் அதற்குத் தகுந்த மரியாதை. இந்தப் போராட்டத்தின் இருநூறாவது ஆண்டு விழா 2023 மார்ச்சு 6-ந் தேதி நாகர்கோவிலில் நடந்தபோது, தமிழ்நாட்டு முதலமைச்சர் ஸ்டாலினும் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனும் ஒரே மேடையில் வந்து உட்கார்ந்தார்கள். பழைய சமஸ்தானத்தின் கடனுக்கு இரண்டு வாரிசுகள் அல்லவா?

அதே காலத்தில் சுவாமித்தோப்பில் ஒருவர் தோன்றினார். 1809-ல் பிறந்த ஐயா வைகுண்டர். முண்டாசு கட்டக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னார். கும்பிடப் போனால் எதிரே கண்ணாடி. அதில் தெரிவது கும்பிடுகிறவரின் முகம். மகாராஜாவைக் 'கலிநீசன்' என்றும் இங்கிலீஷ்காரனை 'வெண்நீசன்' என்றும் அவர் வழியில் வந்தவர்கள் அழைத்தார்கள். மாமியாரையும் மாமியாருக்கு மாமியாரையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டால் சும்மா விடுவார்களா? மகாராஜா அவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார். இன்றும் சுவாமித்தோப்புப் பதியில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் நுழைகிறார்கள்.

மூடிய கதவுகள்

சுசீந்திரத்தில் தாணுமாலயனையும் பதினெட்டு அடி ஆஞ்சநேயரையும் இசைத் தூண்களையும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், அந்தக் கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கே ஒரு காலத்தில் சாதி பார்த்தார்கள். 1926-லும் 1930-லும் அங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. கோட்டாற்று டாக்டர் எம். இ. நாயுடு முன்னால் நின்றார்; அடியும் உதையும் தாராளமாகக் கிடைத்தன.

காந்திஜிக்கும் இந்தச் சீமையின் கதவு ஒரு முறை மூடியிருந்தது. 1925-ல் கன்னியாகுமரிக்கு வந்த மகாத்மாவை, கடல் கடந்து இங்கிலாந்து போய் வந்தவர் என்ற காரணத்தால் அம்மன் சந்நிதிக்குள் விடவில்லை. பிராகாரத்தோடு சரி. 1936 நவம்பர் 12-ந் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். இந்தியா முழுவதும் அதைப் பேசிற்று. அடுத்த ஜனவரியில் காந்திஜி திருவிதாங்கூருக்கு வந்து, ஹரிஜனங்களோடு கோவில் கோவிலாகப் போய்த் தரிசனம் செய்தார். 1948 பிப்ரவரி 12-ல் அவருடைய அஸ்தி இதே குமரிக் கடலில் கரைந்தது. அந்த இடத்தில் எழுந்த மண்டபத்தில் அக்டோபர் 2-ந் தேதி நடுப்பகலில் சூரிய கிரணம் விழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது.

கன்னியாகுமரியைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. சூரியோதயம் இருக்கிறது, 1970-ல் திறந்த விவேகானந்தர் பாறை இருக்கிறது, 2000-ம் ஆண்டின் முதல் நாள் திறந்த 133 அடி வள்ளுவர் இருக்கிறார். இரண்டு பாறைக்கும் நடுவே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலமும் போட்டுவிட்டார்கள். தலை சுற்றல் உள்ளவர்கள் கீழே பார்க்காமல் நடக்கவும்.

மேற்கே திரும்பும் முன் தேரூருக்குப் போய்விட்டு வரலாம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்த ஊர். குழந்தைப் பாட்டு எழுதிய தாத்தா என்றுதான் நமக்குத் தெரியும். அவரை இந்த நாட்டுப் பெண்கள் நினைக்க வேண்டியது வேறு ஒன்றுக்காக. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள்வழி என்று ஒரு முறை இருந்தது. அப்பன் சொத்து பிள்ளைக்கு இல்லை. அப்பனுடைய சகோதரி மகனுக்கு! கட்டிய மனைவியும் பெற்ற பிள்ளையும், காரணவர் கண்ணை மூடிய மறுநாள் வெறுங்கையோடு நிற்க வேண்டும். பெண்ணுக்கு ஏற்றம் தந்த முறை என்று இதைச் சிலர் புகழ்வது உண்டு. நாஞ்சில் நாட்டில் கலியாணமான பெண் புருஷன் வீட்டுக்குப் போய் உழைத்தாள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அப்படி வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணே தன் கதையைச் சொல்லுவது போல், சிரிப்பும் அழுகையும் கலந்து, கவிமணி 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' பாடினார். வீட்டுக்கு வீடு அதைப் படித்தார்கள். காரணவர்கள் மட்டும் ரசிக்கவில்லை என்று நினைக்கிறேன். 1926-ல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து, மனைவி மக்களுக்கு வழி பிறந்தது. அப்போது சமஸ்தானத்தை ரீஜெண்டாக ஆண்டவர் சேது லட்சுமிபாய் மகாராணி. ஒரு பெண் கையெழுத்தில்தான் அது ஆக வேண்டும் என்று இருந்திருக்கிறது.

அரண்மனை யாருக்கு?

நாகர்கோவிலிலிருந்து மேற்கே தக்கலை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பத்மநாபபுரம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் திருவிதாங்கூரின் தலைநகர் இதுதான்.

பெண்கள் முதலில் பார்க்க வேண்டியது தரையை. கருங்கண்ணாடி போல் பளபளக்கிறது; குனிந்தால் முகம் தெரியும். சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டையின் வெள்ளைக்கரு என்று எதையெதையோ சேர்த்து மெழுகியது என்கிறார்கள். இரண்டு நூற்றாண்டாக எத்தனை பேர் மிதித்தும் மங்கவில்லை! இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நம் சிமெண்டுத் தரையைப் பார்க்கப் பிடிக்காது. அப்புறம் தாய்க் கொட்டாரம். அரண்மனையிலேயே மிகப் பழைய பகுதி அதுதான். அங்குள்ள மரத் தூணில் செதுக்கு வேலையைத் தடவிப் பார்க்காமல் நகர முடியாது. ஆனால் காவலர் விட மாட்டார். ஊட்டுப்புரையில் ஒரே சமயத்தில் ஆயிரம் இரண்டாயிரம் பேர் சாப்பிட்டார்களாம். பாத்திரம் தேய்த்தவர்களைப் பற்றி வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை.

டிக்கெட் வாங்கும்போது ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். டிக்கெட் கொடுப்பது கேரள அரசாங்கம். அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு. அரண்மனை கேரளத் தொல்பொருள் இலாகாவின் நிர்வாகம். குடும்பம் பாகம் பிரிந்தபோது, பூஜை அறை அண்ணன் பங்குக்குள் இருந்தாலும் சாவி தம்பியிடம் இருக்கட்டும் என்று விட்டுக் கொடுத்த மாதிரி. சாவியைப் பற்றி அவ்வப்போது முணுமுணுப்பு எழுவது உண்டு. ஆனால், விளக்கெண்ணெய்க்குச் செலவு செய்து அதை அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாகப் பிரிவினை என்றேன். அது எப்படி நடந்தது?

1947 ஜூனில், வெள்ளையர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகிவிடும் என்று திவான் ஸர் சி. பி. ராமசாமி ஐயர் அறிவித்தார். நல்ல வேளை, ஜனங்கள் அதை ஏற்கவில்லை. ஜூலை 25-ந் தேதி திருவனந்தபுரத்தில் ஒரு சங்கீத விழாவில் அவரை ஒருவன் வெட்டினான், உயிர் தப்பினார். சில நாளில் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின.

ஆனால், தெற்கே இருந்த தமிழர்களுக்கு ஒரு மனக்குறை. பேசுவது தமிழ், கச்சேரியிலும் கோர்ட்டிலும் மலையாளம். தன் நிலத்துப் பத்திரத்தைத் தானே படித்துக்கொள்ள முடியாதவனுக்குச் சுதந்திரம் பாதிதான் வந்திருக்கிறது. இதைச் சொல்லித் திருவிதாங்கூர்த் தமிழர்களுக்கென்று 1945 டிசம்பரிலேயே நாகர்கோவிலில் ஓர் இயக்கம் பிறந்திருந்தது. அதுதான் பிற்பாடு திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ். அதற்குத் தலைவராக வந்தவர் வக்கீல் நேசமணி. 1895-ல் பள்ளியாடியில் பிறந்தவர். நாகர்கோவில் கோர்ட்டில் மேல் சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும் மற்றவர்களுக்கு முக்காலியும் போட்டிருந்த காலத்தில், முதல் நாளே அந்த முக்காலியைத் தூக்கி வெளியே எறிந்தவர் என்று இவ்வூரில் இன்றும் சொல்லுகிறார்கள். ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டம் 'மார்ஷல்'. 1952 தேர்தலில் நாகர்கோவிலிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனார்.

குழித்துறை ஆற்றுப் பாலத்தைத் தாண்டு முன்னால் வருகிற ஊர் மார்த்தாண்டம். இன்று இங்கே தேனும் ரப்பரும் நகைக் கடைகளும் மேம்பாலமும்தான் கண்ணில் படும். 1954 ஆகஸ்டு 11-ந் தேதி இங்கேயும், பக்கத்தில் புதுக்கடையிலும், இயக்கத்தார் விடுதலை நாள் கொண்டாடினார்கள். மூணாறு, தேவிகுளம் பக்கத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போய் மறியல் செய்த தலைவர்கள் சிறையில் இருந்தார்கள், ஜனங்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஊர்வலத்தின் மேல் போலீஸ் சுட்டது. சந்தைக்கு வந்த சாதாரண மனிதர்களின் ரத்தமும் அன்று தெருவில் சிந்தியது. ஆண்டது வெள்ளைக்காரன் அல்ல. பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு மந்திரி சபை. அந்தக் கட்சியின் பொதுச் செயலாளரான ராம் மனோகர் லோகியாவே, "சுதந்திர நாட்டில் ஜனங்களைச் சுட்ட மந்திரி சபை பதவி விலக வேண்டும்" என்ற கருத்தை வற்புறுத்தினார். மந்திரி சபை விலகவில்லை, கட்சிதான் உடைந்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? நாம் நுழைந்த ஆரல்வாய்மொழி, தமிழ்ச் சீமைக்கு வாசல். அங்கே துப்பாக்கி வெடிக்கவில்லை. மலையாளச் சீமையை ஒட்டிய விளவங்கோட்டில்தான் வெடித்தது. தாய் வீட்டுக்குப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவளைவிட, தூரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்குத்தான் ஏக்கம் அதிகம்.

கவிமணி அந்த இணைப்புக்காகக் குரல் கொடுத்தவர். துப்பாக்கிச் சூடு நடந்த ஆறு வாரத்தில், 1954 செப்டம்பர் 26-ல், காலமானார். இணைப்பைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. 1955 செப்டம்பரில், பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரும் அடங்கிய ராஜ்ய சீரமைப்புக் கமிஷன், தெற்கே நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை ராஜ்யத்துக்குக் கொடுக்கச் சிபாரிசு செய்தது. 1956 நவம்பர் 1-ல் அந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி ஜில்லாவாயின. கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. செங்கோட்டையிலும் ஒரு பகுதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வந்ததை எண்ணிச் சிரித்தார்கள், வராததை எண்ணி அழுதார்கள். அன்று போராடியவர்களை 'எல்லைக் காவலர்கள்' என்று தமிழ்நாடு அரசு இன்றும் கௌரவித்து உதவித் தொகை கொடுக்கிறது.

நேசமணி 1968-ல் மறைந்தபோது அந்தப் பார்லிமெண்டு ஸ்தானத்துக்கு 1969-ல் காமராஜ் நின்று ஜெயித்தார். இணைப்பு நடந்தபோது சென்னை முதலமைச்சராக இருந்தவரும் அவரே. பறளியாற்றின் மேல், மலைக்கும் மலைக்கும் நடுவில் 115 அடி உயரத்தில் தண்ணீர் நடந்து போகிற மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் அவர் பேரைச் சொல்லித்தான் காட்டுகிறார்கள். 1966-ல் கட்டி முடிந்தது. மேலே நடக்கலாம், ஒரு பக்கத் தொட்டியில் தண்ணீர் ஓடும். தண்ணீர் என்றதும் சொல்ல வேண்டியிருக்கிறது: கேரளத்து நெய்யாற்று அணையின் இடது கரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்தது. 2004-லிருந்து அந்தத் தண்ணீர் வரவில்லை. கோட்டைப் போடுகிறவர்கள் பேச்சுவழக்கைப் பார்த்துப் போட்டார்கள். ஆற்றுக்கு எந்தப் பாஷை தெரியும்?

சாலை களியக்காவிளையில் முடிகிறது. அதாவது தமிழ்நாடு முடிகிறது. எல்லை எங்கே என்று தேடினால் அகப்படுவது சிரமம். இந்தப் பக்கத்துக் கடையிலும் நேந்திரங்காய் வறுவல், அந்தப் பக்கத்துக் கடையிலும் நேந்திரங்காய் வறுவல். எண்ணெய் இரண்டிலும் தேங்காய் எண்ணெய். பெயர்ப் பலகை எழுத்து மட்டும் தமிழிலிருந்து மலையாளத்துக்கு மாறுகிறது.

புரட்டாசியில், நவராத்திரிக்குச் சற்று முன்னால் வருகிறவர்களுக்கு இங்கே ஒரு பாக்கியம் உண்டு. பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானை மீது வருவாள். கம்பர் பூஜித்த விக்கிரகம் என்று அவளைச் சொல்லுவார்கள். வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் கூட வருவார்கள். தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு, நவராத்திரி பூஜைக்கு இவர்கள் மூவரும் அங்கே எழுந்தருள்வது சமஸ்தானத்து வழக்கம். சமஸ்தானம் போயிற்று, ராஜ்யம் இரண்டாயிற்று, வழக்கம் போகவில்லை. அரண்மனை உப்பரிகையில் உடைவாளைக் கைமாற்றிய பின் ஊர்வலம் புறப்படுகிறது. வழியெல்லாம் வீட்டு வாசலில் கோலம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, பெண்கள் தட்டோடு காத்திருக்கிறார்கள். களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸார் மரியாதை செய்து அனுப்புகிறார்கள். பத்தடி தள்ளிக் கேரளப் போலீஸார் மரியாதை செய்து வாங்கிக்கொள்கிறார்கள். திருவனந்தபுரத்தில் பூஜை முடிந்ததும் அம்மன் இதே வழியாக, இதே வாசல்களின் விளக்கு வெளிச்சத்தில், பத்மநாபபுரத்துக்குத் திரும்பி வந்துவிடுகிறாள்.